எடிட் சூட் கேள்வி–பதில்: 41,000 பிக்சல் படமும் 1,920 பிக்சல் திரையும்

பனோரமா படங்களை, அதாவது பல படங்களை ஒட்டிச் செய்த மிக நீளமான படங்களை, வீடியோவுக்குள் கொண்டுவருவது பற்றிய கேள்விகள் கொஞ்ச காலமாகவே வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைவிட ஒரே இதழில் சேர்த்துப் பேசலாம் என்று எடுத்துவைத்திருந்தேன். ஆவணப்படங்களும் அருங்காட்சியகத் திரைகளுக்கான படங்களும் எடிட் செய்வது என் தொழில். அதில் அசையாத ஒரு புகைப்படத்துக்குள் கேமராவை நடக்கவிடும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் சில பதில்கள் நீளும்.

கே: பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பற்றிக் கல்லூரிக்காக ஒரு குறும்படம் செய்கிறேன் சார். சாலைப் பாலத்தில் நின்று வரிசையாக எடுத்த படங்களை ஹியூஜின் என்ற ஒட்டும் மென்பொருளில் ஒட்டினேன். 41,000 × 6,200 பிக்சல் வந்தது. ஜேபெக் கோப்பு 90 எம்பிதான். ஆனால் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோ அதை இறக்குமதி செய்ய மறுக்கிறது. நண்பனின் கம்ப்யூட்டரில் வேறு மென்பொருளில் போட்டால் எல்லாம் உறைந்து நிற்கிறது. 16 ஜிபி ரேம் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?
— கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

ப: கார்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம் தம்பி. பிரீமியர் புரோவில் அசையாத படங்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. மொத்தம் 256 மெகாபிக்சலைத் தாண்டக் கூடாது. எந்தப் பக்கமும் 32,768 பிக்சலைத் தாண்டக் கூடாது. உங்கள் படத்தைப் பெருக்கிப் பாருங்கள், 254.2 மெகாபிக்சல் வரும். முதல் எல்லைக்குள் மயிரிழையில் நுழைந்துவிட்டது. அகலம்தான் மாட்டிக்கொண்டது. மொத்த மெகாபிக்சலை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

நண்பனின் கம்ப்யூட்டர் உறைந்ததற்குக் காரணம் வேறு. 90 எம்பி என்பது வட்டில் சுருக்கி வைத்திருக்கும் அளவு. டப்பாவில் அடங்கிய அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் விரிகிற மாதிரி, நினைவகத்துக்குப் போனதும் அந்தப் படம் விரிந்துவிடும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தாலே அது ஏறக்குறைய 1 ஜிபி. மென்பொருள் 32 பிட் மிதவைப் புள்ளியில், அதாவது நான்கு மடங்கு இடம் பிடிக்கும் துல்லியமான முறையில், கணக்குப் போட்டால் 4 ஜிபி. ஒரு படத்துக்கு மட்டுமே இவ்வளவு. மேலே ஒரு நிறத்திருத்தம், ஒரு ப்ளர் என்று போட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நகல் தேவைப்படலாம். போதாததற்கு, பல கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரே துண்டாக வாங்கிக்கொள்ளும் படத்தின் பக்கம் 16,384 பிக்சலோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் சில மென்பொருள்கள் படத்தைத் துண்டுகளாக அனுப்பும், சில தாமாகவே சுருக்கிவிடும், சில கருப்புத் திரையைக் காட்டும்.

சரி, என்ன செய்வது? கணக்கைத் திரையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நான் எந்தப் பனோரமாவையும் மென்பொருளில் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொள்வேன்: இந்த ஷாட்டில் கேமரா மிக நெருங்கிப் போகும் இடத்தில், படத்தின் எவ்வளவு அகலம் திரையை நிரப்பப் போகிறது? அந்த அகலத்துக்கு 1,920 பிக்சல் கிடைத்தால் போதும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சுமை.

உங்கள் குறும்படம் 1,920 × 1,080. பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, படத்தின் முழு உயரமும் தெரிய நகர்வது மட்டும்தான் ஷாட் என்றால், உயரம் 1,080 ஆகவும் அகலம் 7,142 ஆகவும் இருந்தால் போதும். எட்டு மெகாபிக்சல்கூட இல்லை! நகர்ந்துபோய்த் தூக்குப் பகுதியில் இரண்டு மடங்கு நெருங்க வேண்டும் என்றால் 14,284 × 2,160. இதுவும் 16,384-க்குள் அடங்குகிறது, நினைவகத்தில் 123 எம்பி அளவுதான் பிடிக்கும். கிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ நிதானமாகச் சுருக்கி, டிஃப் அல்லது பிஎன்ஜி ஆகச் சேமித்துக் கொண்டுவாருங்கள். பக்க அளவுகள் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். ஒற்றைப்படையானால் படத்தின் மையம் அரை பிக்சலில் விழுந்து, காரணமே தெரியாமல் ஒரு மந்தம் வரும்.

அதைவிடவும் நெருங்க ஆசையா? 1914-ல் திறந்த அந்தப் பாலத்தின் உயிரே நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் பகுதிதானே, ஆசை நியாயமானது. மூலப் படத்திலிருந்து அந்தப் பகுதியை மட்டும் 5,760 × 3,240 அளவில் தனியாக வெட்டி எடுங்கள். முதல் படம் நெருங்கி முடியும் இடத்தில் இரண்டாவது படத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 34.8 சதவீத அளவில் அதன்மேல் வைத்து, அம்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி பொருத்தி, சில ஃபிரேம்களுக்கு மட்டும் டிசால்வ் (ஒன்று மங்க மற்றது தெளியும் மாற்றம்) கொடுங்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அதனால் ஒட்டு தெரியாது. அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய மூன்று மடங்கு உள்ளே போகலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 41,000 பிக்சல் மூலத்தைத் தொடாதீர்கள், அழிக்காதீர்கள். ஹியூஜின் திட்டக் கோப்பும், ஒட்டுவதற்கு முந்தைய தனிப்படங்களும் கூடவே இருக்கட்டும். 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நேராக மேலேறும் புதிய பாலம் திறந்தது. இரண்டும் சேர்ந்து நிற்கும் படம் உங்களிடம் இருக்கிறது என்றால் அது குறும்படத்தைவிட நீண்ட நாள் வாழ வேண்டிய பொருள். ஒரு நகலை வேறொரு வட்டில், முடிந்தால் வேறொரு வீட்டில் வையுங்கள்.

கே: பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பில் எடுத்த நீளமான குழுப் படம், 18,000 பிக்சல் அகலம். ஒவ்வொரு முகமாகக் காட்டலாம் என்று பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது. ஃபோட்டோஷாப்பில் பார்த்தால் சட்டைப் பொத்தான் வரை தெளிவாக இருக்கிறதே?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: பிரீமியரில் அந்தக் கிளிப்பை வலது சொடுக்கிப் பாருங்கள். 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' டிக் ஆகியிருக்கும். அது படத்தை முதலில் 1,920 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. பிறகு நீங்கள் பெரிதாக்குவது அந்தச் சுருங்கிய படத்தை. அதை எடுத்துவிட்டு 'செட் டு ஃபிரேம் சைஸ்' கொடுங்கள். திரையில் அதே அளவில்தான் தெரியும், ஆனால் ஸ்கேல் எண் 100-லிருந்து 10.7 என்று மாறும். மூலப் பிக்சல்கள் கையில் இருக்கின்றன என்பதற்கு அந்தச் சின்ன எண்தான் சாட்சி.

படத்தை நெஸ்ட் செய்துவிட்டு (அதாவது ஒரு சீக்வென்ஸுக்குள் அடைத்து, அதை இன்னொரு சீக்வென்ஸில் ஒரே கிளிப்பாக வைத்துவிட்டு), அந்த நெஸ்ட்டை வெளியிலிருந்து பெரிதாக்கினாலும் இதே கதைதான். நெஸ்ட் என்பது சீக்வென்ஸ் அளவில் ஒருமுறை வரைந்து முடிந்த படம். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் எடிட் பக்கத்தில் நேராகப் பெரிதாக்கினால் மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். காம்பவுண்ட் கிளிப் (அங்கே நெஸ்ட்டுக்கு இணையானது) ஆக்கினால் அங்கேயும் டைம்லைன் அளவுக்கு இறங்கிவிடும். நகர்வை எப்போதும் உள்ளே இருக்கும் படத்துக்கே கொடுங்கள்.

கே: கோயில் வரலாறு சொல்லும் ஒரு சேனல் நடத்துகிறேன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைக் கீழிருந்து மேல்வரை எடுத்து ஒட்டிய படம், 8,000 × 22,500. சிக்கல் இல்லாமல் உள்ளே வந்துவிட்டது. 24 சதவீதத்துக்குச் சுருக்கி, 10 விநாடியில் உச்சியிலிருந்து அடிவரை இறக்கினேன். சிற்பங்கள் எல்லாம் எறும்பு ஊர்வது போல மினுமினுக்கின்றன, கூடவே ஒரு அதிர்வு. ஏற்றுமதித் தரத்தை எவ்வளவு கூட்டினாலும் போகவில்லை.
— வாசகி, திருச்சி

ப: அம்மா, இது ஏற்றுமதிக் கோளாறே அல்ல. அதனால்தான் தரத்தைக் கூட்டியும் பயன் இல்லை. இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

முதலில் மினுமினுப்பு. உங்கள் மூலத்தில் நான்குக்கு மேற்பட்ட பிக்சல்கள் சேர்ந்துதான் திரையில் ஒரு பிக்சல் உயரம் ஆகிறது. கோபுரத்தின் கபோத (வெளியே நீட்டிநிற்கும் வளைந்த கூரை) விளிம்புகள், சிற்பங்களின் விரல், ஆயுதம் எல்லாம் திரைப் பிக்சலைவிட மெல்லியவை. எடிட்டிங் மென்பொருள் வேகத்துக்காக எளிய முறையில் சுருக்கும்போது, அந்த மெல்லிய கோடு ஒரு ஃபிரேமில் பிடிபடும், அடுத்த ஃபிரேமில் நழுவிவிடும். நின்ற படத்தில் அழகாக இருப்பது நகர்ந்ததும் ஊரத் தொடங்குவது இதனால்தான். எனவே சுருக்கும் வேலையை டைம்லைனில் செய்யாதீர்கள். வெளியே, நல்ல முறையில், கிம்ப் என்றால் நோஹேலோ, ஃபோட்டோஷாப் என்றால் பைகியூபிக், 1,920 × 5,400 ஆக்கிக் கொண்டுவந்து ஸ்கேல் 100-லேயே விடுங்கள். சுருக்கிய பிறகு ஷார்ப்பன் போடும் பழக்கம் இருந்தால் இந்தப் படத்துக்கு வேண்டாம். அப்புறமும் கபோதக் கோடுகள் துடித்தால், மேலும் கீழுமாக மட்டும் அரை பிக்சல் அளவுக்கு ஒரு ப்ளர் கொடுங்கள். கண்ணுக்குத் தெளிவு குறையாது, துடிப்பு அடங்கிவிடும்.

அடுத்து அதிர்வு. 5,400-ல் திரை உயரம் 1,080 போக, நகர வேண்டிய தூரம் 4,320 பிக்சல். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடிக்கு 250 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 17.28 பிக்சல் நகர்கிறது. இதில் இரண்டு தவறான சங்கதிகள். அந்த .28 காரணமாகப் படம் ஒவ்வொரு ஃபிரேமிலும் பிக்சல்களுக்கு நடுவே எங்கோ உட்கார்ந்து, தெளிவும் மந்தமும் மாறி மாறி வருகிறது. முழு எண்ணாக நகர்ந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே தெளிவில் இருக்கும். இன்னொன்று வேகம். ஒரு பொருள் திரையைக் கடக்க ஏழு விநாடியாவது ஆக வேண்டும் என்று கேமராக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் ஷாட்டில் ஒரு சிற்பம் இரண்டரை விநாடியில் போய்விடுகிறது.

ஃபிரேமுக்கு 6 பிக்சல் வைத்துப் பாருங்கள். 4,320-க்கு 720 ஃபிரேம், அதாவது 28.8 விநாடி. ஒரு சிற்பம் திரையில் 7.2 விநாடி இருக்கும். முதல் கீஃபிரேமுக்கும் (நகர்வின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் புள்ளி) கடைசிக்கும் நடுவே சரியாக 720 ஃபிரேம் இருக்கட்டும், இடையில் லீனியர், அதாவது ஒரே சீரான வேகம். தொடக்கத்திலும் முடிவிலும் படத்தை ஒரு விநாடி அசையாமல் நிறுத்துங்கள்.

அரை நிமிடம் நீளம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதின்மூன்று நிலைகள், 72 மீட்டர் உயரம், பல நூற்றாண்டுகள் அரைகுறையாகவே நின்று 1987-ல் நிறைவான கோபுரம் அது. சொல்வதற்கு உங்களிடம் அரை நிமிடச் செய்தி நிச்சயம் இருக்கும். நேரமே இல்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். உச்சியின் மூன்று நிலைகளை மட்டும் மெதுவாகக் காட்டிவிட்டு, கட் செய்து அடிவாசலுக்கு வாருங்கள். இன்னொன்று: இறக்குவதைவிட ஏற்றிப் பாருங்கள். கோபுர வாசலில் நிற்பவர் பார்வை கீழிருந்துதான் மேலே போகும்.

கே: அச்சகத்தில் ஃபிளெக்ஸுக்காகச் செய்த நீளப் படத்தை அப்படியே வீடியோவில் போட்டால் ஒரு மென்பொருளில் பிழைச் செய்தி, இன்னொன்றில் நிறங்கள் கன்னாபின்னா. அளவைக் குறைத்தும் மாறவில்லை.
— வாசகர், சிவகாசி

ப: அச்சுக்குச் செய்த கோப்பு சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிறமுறையில் இருக்கும். வீடியோவுக்குச் சிவப்பு, பச்சை, நீல ஒளியாலான ஆர்ஜிபி வேண்டும். ஃபோட்டோஷாப்பில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' கொடுத்து எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள். 'அசைன்' வேண்டாம், அது எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றும். அச்சகத்தில் ஆர்ஜிபி மூலம் இன்னும் இருந்தால் அதையே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. சிஎம்ஒய்கே-வுக்குப் போய்த் திரும்பிய படத்தில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் முழுதாகத் திரும்பி வராது.

கே: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த ஆண்ட்ரோமெடா பனோரமாவில் முழுப் படத்திலிருந்து ஒற்றை நட்சத்திரம் தெரியும்வரை உள்ளே போகும் ஒரு வீடியோ செய்ய ஆசைப்படுகிறேன். முழு அளவுக் கோப்பை எந்த மென்பொருளும் எடுக்கவில்லை. ஜேபெக் ஆக்கப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை.
— ஆசிரியர், திருநெல்வேலி

ப: இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது ஐயா. 2015 ஜனவரியில் வெளியான அந்தப் படம் 69,536 × 22,230 பிக்சல், ஏறக்குறைய 155 கோடி பிக்சல். ஜேபெக் வடிவத்தில் ஒரு பக்கம் 65,535 பிக்சலைத் தாண்ட இடமே இல்லை. அகலத்தை எழுதிவைக்க அதில் 16 பிட் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி 30,000 பிக்சலோடு நின்றுவிடும், பெரிய படங்களுக்கான பிஎஸ்பி வடிவத்தில்தான் வைக்க வேண்டும். சுருக்காமல் பிக்சலுக்கு 3 பைட் வீதம் வைத்தாலே 460 கோடி பைட்டுக்கு மேல். சாதாரண டிஃப்பின் 4 ஜிபி எல்லையும் உடைகிறது. அசைவூட்டும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு காம்போசிஷனின் (வேலைத் திரையின்) பக்கம் 30,000 வரைதான். நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. அந்தப் படம் எல்லா வாசலையும்விடப் பெரியது.

பாம்பன் தம்பிக்குச் சொன்ன அதே வழிதான், கொஞ்சம் நீட்டி. ஒரே ஷாட்டுக்கு மூன்று படங்கள் செய்யுங்கள். முதலாவது, முழுப் படமும் 7,680 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியது. படத்தின் கால் பங்கு அகலம் திரையை நிரப்பும்வரை இது தாங்கும். இரண்டாவது, நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சுற்றி மூலத்தில் 17,384 பிக்சல் அகலம் வெட்டி, அதையும் 7,680-க்குச் சுருக்கியது. அது இன்னும் நான்கு மடங்கு தாங்கும். மூன்றாவது, அதே இடத்தைச் சுற்றி மூலத்திலிருந்து 4,346 பிக்சல் அகலம், சுருக்காமல் அப்படியே. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அளவு பொருத்தி அடுக்கி, ஒரே நல் ஆப்ஜெக்டுக்கு (திரையில் தெரியாமல் மற்றவற்றை இழுத்துச் செல்லும் வெற்று அடுக்குக்கு) இணைத்து, அந்த நல்லை மட்டும் பெரிதாக்குங்கள். மேலே இருக்கும் படங்களின் ஓரத்தில் மெல்லிய ஃபெதர் (ஓர மங்கல்) கொடுத்தால் எல்லை தெரியாது. மூலக் கோப்பை முழுதாகத் திறக்க உங்கள் கம்ப்யூட்டருக்கு வலு இல்லை என்றால், விப்ஸ் என்ற இலவசக் கருவி கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தேவையான பகுதியை வெட்டித் தரும்.

இனி வேகம். 1,920-ல் முழுப் படமும் தெரியும் நிலையிலிருந்து மூலப் பிக்சல் வரை ஏறக்குறைய 36 மடங்கு. ஸ்கேல் எண்ணை நேர்கோடாக ஏற்றினால் தொடக்கத்தில் பாய்ந்துவிட்டு, கடைசியில் நகர்வதே தெரியாமல் நொண்டும். ஒவ்வொரு ஐந்து விநாடிக்கும் அளவு இரட்டிப்பாக வேண்டும்: 100, 200, 400, 800 என்று. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதற்கென்றே 'எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்' இருக்கிறது. மொத்தம் 26 விநாடி அளவில் வந்து சேரும்.

நாசா, ஈசா (ஐரோப்பிய விண்வெளி நிறுவனம்) இரண்டின் பெயரையும் படத்தின் கீழே போடுங்கள். பிள்ளைகளிடம் சொல்ல ஒன்று: அந்தப் படத்தில் பிரித்துப் பார்க்க முடிகிற நட்சத்திரங்கள் 10 கோடிக்கும் மேல். கடைசிப் புள்ளிகளில் வந்து நிற்கும்போது பின்னணி இசையை எடுத்துவிட்டு, உங்கள் குரலிலேயே அதைச் சொல்லுங்கள். வகுப்பறையில் புரொஜெக்டர் 1,280 பிக்சல் அகலம்தான் என்றால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம், வேலை இன்னும் இலகு.

கே: 360 டிகிரி கேமராவில் எங்கள் ஊர் வாசிகசாலையின் உள்பக்கத்தைப் படம் எடுத்தேன் ஐயா, 5,376 × 2,688. சாதாரண வீடியோவில் வைத்து இடமிருந்து வலம் நகர்த்தினால் அலமாரிகள் எல்லாம் வளைந்து போகின்றன.
— வாசகர், யாழ்ப்பாணம்

ப: அது உருண்டையைத் தட்டையாக விரித்த எக்விரெக்டாங்குலர் படம். எப்போதும் 2:1 விகிதத்தில் இருக்கும். அதை அப்படியே நகர்த்தக் கூடாது, உருண்டைக்குள் கேமராவை வைத்துத் திருப்ப வேண்டும். செலவில்லாத வழி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். வேர்ல்ட் பகுதியில் என்விரான்மென்ட் டெக்ஸ்சராக உங்கள் படத்தைக் கொடுத்து, கேமராவைத் திருப்பும் கோணத்துக்குக் கீஃபிரேம் வைத்து ரெண்டர் செய்யுங்கள். அலமாரிகள் நேராக நிற்கும்.

தெளிவு பற்றி ஒரு எச்சரிக்கை. 90 டிகிரி பார்வைக்கு உங்கள் படத்தில் கால் பங்கு, 1,344 பிக்சல்தான் கிடைக்கும். 1,920-க்கு அது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். நூல்களின் முதுகில் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்றால் சாதாரண கேமராவில் பகுதி பகுதியாக எடுத்து, சுற்றிலும் 7,680 பிக்சல் வரும்படி ஒட்டுங்கள். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் முன் நிற மேலாண்மையில் வியூ டிரான்ஸ்ஃபார்மை 'ஸ்டாண்டர்ட்' ஆக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சுவரின் வெள்ளை சாம்பலாகப் போய்விடும்.